ஐ.நா. சிறப்பு அறிக்கையாளரிடம் புகார்: கடிதம் போகும், தீர்ப்பு வராது

காட்டை எடுத்துக்கொள்கிறார்கள், குடியிருப்பைக் காலி செய்யச் சொல்கிறார்கள், அணை கட்ட ஊரையே மூழ்கடிக்கப் பார்க்கிறார்கள் என்றால், பூர்வகுடி மக்கள் நேரடியாக ஐ.நா.வுக்கே புகார் எழுத ஒரு வழி உண்டு. பூர்வகுடிகளின் உரிமைகளுக்கான சிறப்பு அறிக்கையாளர் என்று ஒருவர் இருக்கிறார். படிவம் இணையத்தில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். உள்ளூர் நீதிமன்றப் படிகளையெல்லாம் ஏறி முடித்துவிட்டு வா என்றும் சொல்வதில்லை. அடுத்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதே என் பிழைப்பு. அந்தக் கண்ணோடு பார்த்து இந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பேன். அதில் இரண்டு, படிவத்தில் வரும் மூன்று கேள்விகளுக்காக மட்டும்.

முதலில் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வருகிறவர்கள் பாதிப் பேர் ஏதோ உலகக் கோர்ட்டுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். புகார் நம்பத்தக்கது என்று பட்டால் அறிக்கையாளர் சம்பந்தப்பட்ட அரசுக்குக் கடிதம் எழுதுவார். கம்பெனி செய்த காரியம் என்றால் கம்பெனிக்கும் எழுதலாம். பதில் சொல்லப் பொதுவாக 60 நாள் அவகாசம். அப்புறம் அந்தக் கடிதமும், பதில் வந்திருந்தால் அதுவும், யாரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியாகும். அவ்வளவுதான். புல்டோசரை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. அரசு பதிலே போடாமல் இருந்தாலும் அவரால் தண்டிக்க முடியாது. வந்த புகார் ஒவ்வொன்றுக்கும் கடிதம் எழுதியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2001-ல் உருவாக்கப்பட்ட இந்தப் பொறுப்புக்குச் சம்பளம் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. 90 நாடுகளில் 47 கோடியே 60 லட்சம் பூர்வகுடி மக்கள் இருப்பதாக ஐ.நா. சொல்கிறது. அத்தனை பேருக்கும் சம்பளமில்லாத ஓர் ஆளும் உதவிக்குச் சில அலுவலர்களும் என்றால், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பின் எதற்கு மெனக்கெட வேண்டும்? அரசின் பதில் எழுத்தில் கிடைக்கிறதே, அதற்காகத்தான். கீழே ஓர் அதிகாரி வாய்வார்த்தையாக "எல்லோரிடமும் கேட்டுத்தான் செய்தோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அதையே அரசு தேதி போட்ட கடிதத்தில் எழுதிவிட்டால், எந்த நாளில், யாரைக் கூட்டி, எந்த மொழியில் கேட்டீர்கள் என்று பிடித்துக்கொள்ளலாம். 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது 144 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா என்று நான்கே. அவையும் பின்னாளில் வழிக்கு வந்துவிட்டன. அதன் 10-வது பிரிவு, மக்களின் சம்மதம் இல்லாமல் அவர்களை இடம்பெயர்க்கக் கூடாது என்கிறது. நிலத்தைத் தொடும் திட்டம் என்றால் ஒப்புதல் தருவதற்கு முன்பே அவர்களுடைய சம்மதத்தை நாட வேண்டும் என்கிறது 32-வது பிரிவு. இந்த இரண்டு எண்களும் மனுவில் இருக்கட்டும்.

மனு எழுதும் விதத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் அதிகம். "எங்கள் வாழ்வாதாரம் பறிக்கப்படுகிறது" என்று தொடங்கினால் நான் அந்த வரியை அடித்துவிடுவேன். பொய் என்பதற்காக இல்லை, அதை வைத்து ஒருவரும் ஒன்றும் விசாரிக்க முடியாது என்பதற்காக. "இன்ன தேதி காலையில், எண் எழுதிய கற்களை வண்டியில் கொண்டுவந்து, ஓடைக்கு மேல்புறம் இடுகாடு வரைக்கும் நட்டார்கள். யாரென்று கேட்டதற்கு இன்ன துறை என்றார்கள். காகிதம் எதுவும் காட்டவில்லை." இப்படி எழுதினால் பதில் சொல்லும்போது அரசு மழுப்புவது கடினம். வெறும் பத்திரிகைச் செய்தியை மட்டும் ஆதாரமாக வைத்தால் எடுபடாது. வசைமொழியும் கூடாது என்பது அவர்கள் விதி. மனு எழுதுகிறவர்களுக்கு இதில்தான் பாதி வேலை.

இப்போது அந்த மூன்று கேள்விகள். பாதிக்கப்பட்டவர்களின் விஷயத்தைக் கடிதமாக அரசுக்கு அனுப்பச் சம்மதமா? அந்தக் கடிதத்தில் அவர்கள் பெயர் இருக்கலாமா? பிறகு வெளியாகும் அறிக்கையில் பெயர் வரலாமா? தனித்தனியாகக் கேட்கிறார்கள். புகார் அனுப்பியவரின் அடையாளத்தை எப்படியும் வெளியே விடுவதில்லை. வேறு எந்த மனுப் படிவமும் இவ்வளவு நாசூக்காகக் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் இவற்றை வாய்விட்டுப் படித்துக் காட்டுவது வழக்கம். ஒரு பாட்டி முழுவதும் கேட்டுவிட்டு, "என் பேரப் போடு தம்பி, எனக்கென்ன. என் பேரன் பேரு மட்டும் வேண்டாம், அவன் அவங்ககிட்டதான் வேலை பார்க்கிறான்" என்றார். படிவத்தில் அதற்கு இடம் இருந்தது. பெயர் என்பது அங்கே சின்ன விஷயம் இல்லை. 2014 முதல் 2020 வரை இந்தப் பொறுப்பில் இருந்த விக்டோரியா டௌலி-கார்புஸ் பிலிப்பைன்ஸின் கங்கனாய் இகோரோட் என்ற பூர்வகுடி மக்களைச் சேர்ந்தவர். 2018-ல் அந்நாட்டு அரசு நீதிமன்றத்தில் கொடுத்த பயங்கரவாதிகள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அதே ஆண்டில் நீக்கப்பட்டது, சரி. ஐ.நா. பொறுப்பில் இருந்தவருக்கே அந்தக் கதி.

குறை என்றால் மொழிதான். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் என்று பெரிய மொழிகளைத் தாண்டி வருவதில்லை. நிலத்தின் சண்டையைச் சொந்த மொழியில் சொல்ல முடியாத ஒரு கவுண்டரில், அதுவும் பூர்வகுடிகளுக்கென்றே திறந்த கவுண்டரில், இது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். உலக வங்கிக்கு 1993-ல் அமைத்த ஆய்வுக் குழு இருக்கிறது. அங்கே எந்த மொழியிலும் எழுதலாம், பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தால் போதும். முக்கிய நிபந்தனை, திட்டத்தில் உலக வங்கிப் பணம் இருக்க வேண்டும். ஆகவே வேலை நடக்கும் இடத்தில் தகவல் பலகை இருந்தால் முதலில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கடன் கொடுத்தவர் யாரென்று சில சமயம் அதிலேயே எழுதியிருக்கும். தீர்ப்பு மாதிரி ஒன்று வேண்டும் என்பவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போகலாம். டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் எட்டுப் பேர் 2019-ல் ஆஸ்திரேலியா மீது புகார் கொடுத்து, 2022-ல் அவர்கள் பக்கம் முடிவு வந்தது. ஆனால் அங்கே, தனிநபர் புகாரை ஏற்கும் தனி நெறிமுறையில் நாடு இணைந்திருக்க வேண்டும், உள்நாட்டு வழிகளும் தீர்ந்திருக்க வேண்டும்.

மீனவர்கள், மேய்ச்சல்காரர்கள் போன்ற பாரம்பரியச் சமூகங்கள் தங்களைப் பூர்வகுடி என்று சொல்லிக்கொள்ளாமல் இருக்கலாம். அவர்கள் ஐ.நா.வில் இதேபோல் இருக்கும் உணவு உரிமை, பண்பாட்டு உரிமை அறிக்கையாளர்களுக்கு அனுப்பலாம். 2018-ல் வந்த விவசாயிகள் உரிமைப் பிரகடனம் அவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரே புகாரைப் பல அறிக்கையாளர்களுக்கு அனுப்பினால் சேர்ந்தே கடிதம் எழுதுவதும் உண்டு.

அனுப்பிய பிறகு நிலைமை மாறினால், கல் பிடுங்கப்பட்டாலும் சரி, ஆள் கைதானாலும் சரி, அதையும் எழுதி அனுப்புங்கள். அரசுக்குக் கடிதம் போய் 60 நாள் கழிந்த பிறகே அது வெளியாகும் என்பதை நினைவில் வைத்து, ஐ.நா.வின் கடிதத் தொகுப்பில் நாட்டின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கடிதம் இருந்தால் அச்செடுத்து, உங்கள் மொழியில் ஒரு பக்கச் சுருக்கம் இணைத்து, ஊர்க் கூட்டத்தில் ஒரு பிரதி, வழக்கு நடந்தால் வக்கீலிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.