வெதுவெதுப்பான குளமும் அப்பாவின் இதயமும்

டர்பனில் நான் அப்பாவை அழைத்துப் போகும் பிசியோதெரபி மையத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் பலவீனமாகி ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாத நோய், உள்ளவரை அங்கே குளத்துத் தண்ணீரில் இறக்கலாமா? இறக்கலாம். கார்டியாலஜிஸ்ட்டின் கடிதம் இல்லாமல் அவர்கள் யாரையும் படியில் கால் வைக்கக்கூட விடுவதில்லை. எனக்கு நம்பிக்கை வந்ததே அதனால்தான்.

கழுத்தளவு தண்ணீரில் நின்றால், நீரின் அழுத்தத்தில் கால், வயிற்றுப் பகுதி ரத்தம் ஏறக்குறைய 700 மில்லிலிட்டர் நெஞ்சுப் பக்கம் ஏறிவிடும். பலவீனமான இதயத்துக்கு அது சுமை. முன்பெல்லாம் டாக்டர்கள் இந்த நோயாளிகளைக் குளத்துப் பக்கம் விடத் தயங்கியது அதனால்தான். ஆனால் வெதுவெதுப்பில் ரத்தக் குழாய்கள் விரிவதால், இதயம் எதிர்த்துத் தள்ள வேண்டிய பாரம் குறைகிறது. ஸ்வீடனில் நடந்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 33–34 டிகிரி நீரில் 8 வாரம் பயிற்சி செய்த வயதான நோயாளிகளுக்கு உடல் திறனும் தசை வலுவும் கூடின. இங்கேயும் சுவர் மீட்டர் 34ஐ ஒட்டியே நிற்கிறது.

அப்பாவை முதலில் இடுப்பளவில் நடக்க விட்டு, நன்றாகப் பழகிய பிறகே மார்பளவுக்கு விட்டார்கள். நாடித் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுவதால் அவர் நாடியை மட்டும் பார்த்துச் சிரமத்தைக் கணிக்க முடியாது. பிசியோதெரபிஸ்ட் பெண் கரையோரம் குந்தி உட்கார்ந்து, "அங்கிள், 6இலிருந்து 20க்குள் சொல்லுங்கள், எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். 6 என்றால் சிரமமே இல்லை, 20 என்றால் உச்சகட்டச் சிரமம். அப்பா வீம்புக்கு 11 என்பார். பேச்சில் மூச்சு அறுபடுவதை அந்தப் பெண் கவனித்து உடனே நிறுத்திவிடுவார். அந்தக் கவனத்துக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு மேட்டை அப்பா இப்போது நிற்காமல் ஏறுகிறார். மாத்திரைகளும் ஒன்று விடாமல் தொடர்கின்றன.

குறையும் உண்டு. நீரில் நின்றால் சிறுநீர் அதிகம் பிரியும். இவர்களோ ஏற்கெனவே நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள். கழிப்பறையோ நடைபாதையின் கடைசியில் இருக்கிறது. உடை மாற்றும் அறையில் ஹீட்டரும் இல்லை. நீரை விட்டு ஏறியதும் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றக்கூடும். அந்த நேரத்தில் ஈர உடம்போடு அவ்வளவு தூரம் நடக்க வைப்பது சரியே இல்லை. சாய்தளத்தின் முடிவில் ஒரு நாற்காலியாவது போடச் சொல்லியிருக்கிறேன்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், கால் வீங்கினால், சில நாளில் எடை திடீரென்று ஏறினால் குளம் வேண்டாம், முதலில் டாக்டரிடம் போங்கள். அப்புறம், எங்கள் மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டில்) கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். உங்கள் திட்டத்தில் உண்டா என்று முன்பே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.