விலை போடுவதா, இடம் பார்ப்பதா? குமரி மாவட்டத் தொழில்களுக்கு முன்னால் உள்ள வழிகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மலைக்கும் கடலுக்கும் இடையே தூரம் குறைவு. பேச்சிப்பாறை அணையில் திறந்துவிடும் தண்ணீர் சானல்களில் ஓடி, குளங்களை நிரப்பி, வயலில் பாய்ந்து, கடைசியில் மணக்குடியிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ கடலில் சேர்கிறது. வழியில் ரப்பர் பால் ஆலை, கயிற்று ஆலை, முந்திரி ஆலை, செங்கல் சூளை, மீன் பதப்படுத்தும் கூடம், ஹோட்டல் என்று எத்தனையோ தொழில்கள். ஓர் ஆலை வெளியே விடும் தண்ணீர் யாருடைய வயலுக்கோ கிணற்றுக்கோ போய்ச் சேர அதிக நாள் ஆகாது.

அதனால் "உங்கள் தொழில் இயற்கையை என்ன செய்கிறது, அதை எப்படிக் கணக்கு வைத்திருக்கிறீர்கள்?" என்ற கேள்வி இங்கே நியாயமானது. வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களிடம் வாங்குபவர்களே இதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பதில் சொல்லப் பல வழிகள் உண்டு: பணமாக மதிப்பிடுவது, இடத்தைப் பார்த்து அளப்பது, வாங்குபவர் கேட்கும் சான்று, சட்டம் கேட்பதை மட்டும் செய்வது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்துச் சிறிய, நடுத்தரத் தொழில்களுக்கு இரண்டாவதுதான் முதல் வேலை. மற்றவை தேவையைப் பொறுத்து அப்புறம் வரலாம்.

பணமாக மதிப்பிடுவதற்குப் புகழ்பெற்ற உதாரணம் விளையாட்டுக் காலணியும் உடையும் விற்கும் பூமா நிறுவனம். 2010ஆம் ஆண்டில் தன் தொழில் இயற்கைக்கு ஏற்படுத்திய பாதிப்பை அது 14.5 கோடி யூரோ என்று கணக்கிட்டு 2011இல் வெளியிட்டது. அந்தத் தொகையைவிட அது எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். பூமாவின் சொந்த அலுவலகம், கடை, கிடங்குகளால் வந்தது ஏறக்குறைய 6 சதவீதம் மட்டுமே. பாதிக்கு மேற்பட்ட பங்கு தோல், பருத்தி, ரப்பர் போன்ற மூலப்பொருள் விளையும் இடத்தில் விழுந்தது. தண்ணீர், நிலம், கரியமில வாயு மூன்றையும் ஒரே தராசில் வைக்காமல் இது தெரிய வந்திருக்காது. பணக் கணக்கின் உண்மையான பலம் இதுவே.

ஆனால் இதே கணக்கைத் தேரூர் குளத்துக்குப் போட்டுப் பாருங்கள். சுசீந்திரம் – தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூரும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. குளத்துத் தண்ணீரில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைகிறது. அதற்கு விலை போடலாம். மீனுக்கு ஏல விலை இருக்கிறது. குளம் நிறைந்தால் சுற்றுவட்டாரக் கிணறு ஊறும். லாரித் தண்ணீர் வாங்கினால் ஆகும் செலவை வைத்து அதையும் ஒரு தொகையாக்கலாம். பறவைகளுக்கு என்ன விலை? காலங்காலமாக அங்கே குளித்துத் துணி துவைக்கிறவர்களுக்கு? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கூட்டலில் அது பூஜ்யம் ஆகிவிடும். வேறு நாட்டு ஆய்வில் வந்த தொகையை எடுத்து நிரப்பினால் அது நம் குளத்தின் கணக்கே அல்ல. இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு தொகை வந்ததும், "அதைக் கட்டிவிட்டால் கெடுக்கலாம்" என்று பேரம் தொடங்கும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: தொழில்கள் இயற்கையைக் கணக்கில் எடுப்பதற்கான பன்னாட்டு வழிகாட்டியாக 2016இல் வெளிவந்த இயற்கை மூலதன நெறிமுறையே எல்லாவற்றையும் பணமாக்கச் சொல்லவில்லை. சொல்லால் விவரிப்பது, அளவால் காட்டுவது, பணமாக்குவது மூன்றையும் அது ஏற்கிறது. எடுக்கப்போகும் முடிவுக்கு எது போதுமோ அதைச் செய்தால் சரி.

இரண்டாவது வழிக்கு வருவோம். இயற்கை சார்ந்த நிதித் தகவல் வெளியீட்டுக்கான பன்னாட்டுப் பணிக்குழு 2023 செப்டம்பரில் தன் பரிந்துரைகளை வெளியிட்டது. அதோடு வந்த வழிமுறைக்கு நான்கு படி: இடத்தைக் கண்டுபிடி; அந்த இடத்தை நம்பி என்ன நடக்கிறது, அங்கே என்ன பாதிப்பு என்று பார்; அதனால் வரும் ஆபத்தையும் வாய்ப்பையும் எடைபோடு; பிறகு செயலுக்கும் அறிக்கைக்கும் ஆயத்தமாகு. பெரிய நிறுவனங்களையும் வங்கிகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டதுதான். ஆனாலும் முதல் இரண்டு படியும் குலசேகரம் பக்கத்து ரப்பர் ஆலைக்கு அப்படியே பொருந்தும்.

மரத்துப் பாலைச் சுழற்றிப் பிரித்து 60 சதவீத ரப்பர் உள்ள அடர்பால் எடுக்கும் ஆலையை எடுத்துக்கொள்வோம். பால் கெடாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். பிரித்தபின் மிஞ்சும் ஸ்கிம் பாலை உறைய வைக்கக் கந்தக அமிலம் ஊற்றுவார்கள். ஆக, வெளியே வரும் தண்ணீரில் அமிலம், அமோனியா, சல்ஃபேட் மூன்றும் இருக்கும். காற்றுப் படாத குட்டையில் அதைத் தேக்கினால் சல்ஃபேட் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறி அழுகிய முட்டை வாடை அடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் புகார் சொல்வது அந்த வாடையைப் பற்றித்தான். இதை ரூபாயில் எழுதி என்ன பயன்? ஆலைக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம், இரண்டிலும் ஓடைத் தண்ணீரை எடுத்து அமிலத்தன்மை, அமோனியா, சல்ஃபேட், பி.ஓ.டி. (கழிவு மட்கத் தண்ணீரில் செலவாகும் ஆக்சிஜனின் அளவு) பார்க்க வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம் இது. மழை நாளில் மட்டும் அளந்தால் கணக்கு அழகாகத்தான் இருக்கும். ஓடை மெலிந்து கிடக்கும் கோடையிலும் அளக்க வேண்டும்.

இந்த வழியின் இன்னொரு நன்மை எனக்கு மிகவும் பிடித்தது. இயற்கையைத் தொழில் என்ன செய்கிறது என்பதோடு, எதை நம்பி நிற்கிறது என்றும் அது கேட்கிறது. 2017 ஒக்கிப் புயல் இங்கே ரப்பரையும் வாழையையும் வேரோடு சாய்த்தது. அதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். மார்த்தாண்டம் தேனும் அப்படித்தான். ரப்பர் மரம் தளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பே அதற்குப் பெரிய ஆதாரம். தளிர்க்கும் அதே காலத்தில்தான் சாம்பல் நோய்க்குத் தோட்டங்களில் கந்தகத் தூள் அடிக்கிறார்கள். தோட்டக்காரரும் தேனீ வளர்ப்பவரும் ஒரே மரங்களை நம்பி இருக்கிறார்கள், ஆனால் இருவரின் கணக்குப் புத்தகங்களிலும் அந்த உறவு இல்லை. இலைக்காம்புத் தேனுக்கு யாரும் பில் போடுவதில்லை, அதனால் பணக் கணக்கில் அது எளிதில் நழுவிவிடும். இடத்தைப் பார்க்கும் கணக்கில் முதல் நாளே கண்ணில் படும். மருந்து அடிக்கும் தேதியைத் தேன்கூடு வைத்தவரிடம் முன்னதாகச் சொல்வது செலவே இல்லாத நிர்வாகம். தேனீயை நம்பும் தொழில் எவ்வளவு எளிதில் சாயும் என்பது ஏற்கெனவே பார்த்ததுதான். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் தேன்கூடுகளில் பெரும்பகுதியை அழித்தது. மார்த்தாண்டத்துப் பழைய தேனீக்காரர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

இதன் பலவீனம்: யாரும் வந்து சரிபார்ப்பதில்லை. அளந்து எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடலாம்.

அந்த இடத்தில்தான் வாங்குபவர் கேட்கும் சான்று மேலானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடைச் சட்டத்தின் பட்டியலில் ரப்பரும் இருக்கிறது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்த பொருளை அங்கே விற்க முடியாது. எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று வரைபடப் புள்ளியோடு காட்ட வேண்டும். அமலாகும் தேதி ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போனது, ஆனாலும் ஏற்றுமதிச் சங்கிலியில் இருப்பவர்கள் தோட்டப் புள்ளிகளை இப்போதே சேர்த்துவைப்பது நல்லது. ஆனால் இந்தச் சட்டத்தின் கண் தோட்டத்தின் மேல்தான் இருக்கிறது. நம் ரப்பர் தோட்டங்களில் பல அந்தத் தேதிக்குப் பல பத்தாண்டுகள் முன்பே வைத்தவை, எளிதாகத் தேறிவிடும். அதே ரப்பரைப் பதப்படுத்தும் ஆலை ஓடையைக் கெடுத்தால், அதைப் பிடிக்க எழுதிய சட்டம் இதுவல்ல.

சட்டம் கேட்பதை மட்டும் செய்வோம் என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி கட்டாயம், அதில் பேச்சே இல்லை. ஆனால் வாரியத்தின் வரம்பு பெரும்பாலும் ஒரு லிட்டருக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். ஒரே சானலில் பத்து ஆலைகள் தனித்தனியாக வரம்புக்குள் நின்றாலும் கடைமடைக் குளம் கெட்டுப்போகலாம். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கேட்கும் பொறுப்பு அறிக்கை 2022–23 முதல் பங்குச் சந்தையின் முதல் 1000 நிறுவனங்களுக்குக் கட்டாயம். சரணாலயம், ஈரநிலம் போன்ற இடங்களின் அருகே தொழில் நடக்கிறதா என்றும் அது கேட்கிறது. நல்ல கேள்வி. நம் ஊர் ஆலைகளில் பெரும்பாலானவை அந்த 1000க்குள் வராது.

சாலையோரத்தில் மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதை இந்த வரிசையில் நான் சேர்க்கவே இல்லை. மரம் நல்லதுதான், ஆனால் ஓடையில் விட்ட அமிலத்துக்கு அது ஈடாகாது.

சரி, பணக் கணக்கு எப்போது வேண்டும்? இரண்டு முதலீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது. கதம்பையை (தேங்காய் மட்டையை) காயலில் மாதக்கணக்கில் ஊறவைத்து நார் எடுத்தால் இயந்திரச் செலவு மிச்சம், நாரும் நன்றாக இருக்கும். ஆனால் அழுகும் கதம்பை தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், அந்தப் பகுதியில் மீன் படாது. இயந்திரத்தில் உரித்தால் மின்சாரம், கடன், வட்டி. காயலில் வலை போடுபவர் இழக்கும் மீனையும் ரூபாயாக எழுதிப் பக்கத்தில் வைத்தால்தான் எது மலிவு என்பது நேர்மையாகத் தெரியும். ரப்பர் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன் கட்டலாமா என்று வங்கிக்குப் போகும்போதும் அப்படித்தான்.

ஆகவே, ஏற்றுமதி செய்பவருக்கு இடக் கணக்கோடு தோட்டப் புள்ளியும் வேண்டும். பல கிளை உள்ள ஹோட்டல் குழுமம் போன்றவர்கள் பணக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். தனி ஆலை வைத்திருப்பவர் ஒரு வரைபடத்தில் தன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வழியில் யாருடைய கிணறு, எந்தக் குளம், எந்த மடை என்று குறித்தாலே பாதி வேலை முடிந்தது. தண்ணீரைச் சோதிக்கும் செலவை ஒரே சானலில் இருக்கும் ஆலைகள் பகிர்ந்துகொள்ளலாம். வந்த அளவுகளைப் பாசன சங்கத்தாரிடமும் காட்ட வேண்டும். குளத்தில் எந்த மாதம் மீன் செத்து மிதந்தது, எந்த மடையில் நெல் கருகியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்த விவரமும் சேர்ந்தால்தான் அடுத்த சோதனைக்கு எங்கே தண்ணீர் எடுப்பது என்று சரியாக முடிவு செய்ய முடியும்.