ரேடியோ ஸ்கேனர்: நீண்ட நாள் உபயோகத்தில் தெரிந்த குறைகளும், அடுத்த தலைமுறைக் கருவியிடம் கேட்பதும்

காவல், தீயணைப்பு, விமானம் என்று மற்றவர்களின் ரேடியோப் பேச்சைத் தேடிப் பிடித்துக் கேட்கும் கருவிதான் ஸ்கேனர். அதை வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியில் அச்சடித்திருக்கும் பட்டியலைத்தான். எந்த அலைவரிசையிலிருந்து எதுவரை, எத்தனை டிஜிட்டல் முறை, எத்தனை சேனல். ஒரு வருடம் ஓட்டிய பிறகு வரும் குறை வேறு. பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. அல்லது பேச்சு வந்து போனதே தெரிவதில்லை. அடுத்த தலைமுறைக் கருவி இந்த இரண்டையும் தீர்த்துவிட்டு வரட்டும், மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே சொல்வது அமெரிக்க நிலவரம். காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என்று பெரும்பகுதி பி25 என்ற டிஜிட்டல் தரத்தின் ட்ரங்கிங் முறைக்கு மாறிவிட்ட நாடு அது. கைக்கு யூனிடன் எஸ்டிஎஸ்100 (2018), மேசைக்கு எஸ்டிஎஸ்200 (2019), விஸ்லர் டிஆர்எக்ஸ்-1, எளிய பிசி125ஏடி, கணினியில் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளோடு (யுஎஸ்பியில் செருகும் சிறு ரிசீவர்) ஓடும் எஸ்டிஆர்ட்ரங்க் மென்பொருள். பேச்சு இவற்றைச் சுற்றித்தான்.

ட்ரங்கிங்கில் துறைக்கு ஒரு அலைவரிசை என்று கிடையாது. எல்லாத் துறைகளும் ஒரு தொகுப்பைப் பகிர்ந்துகொள்ளும். கன்ட்ரோல் சேனல் என்ற ஒன்று இடைவிடாமல் ஓடிக்கொண்டே, எந்த டாக்குரூப் (ஒன்றாகப் பேசும் குழு) இப்போது எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று அறிவிக்கும். ஸ்கேனர் அதைப் படித்துத்தான் பின்னால் ஓட வேண்டும். கன்ட்ரோல் சேனலைச் சரியாகப் படிக்க முடியாவிட்டால் மற்ற வசதிகள் எதுவும் உதவாது.

படிக்க முடியாமல் போவதற்கு நகரங்களில் முக்கியக் காரணம் சைமல்காஸ்ட். ஒரே பேச்சைப் பல டவர்கள் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. துறையின் சொந்த ரேடியோவுக்கு இது நல்லது. ஸ்கேனருக்குத்தான் வினை. இரண்டு டவருக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையே உள்ள தூர வித்தியாசம் 9 கிலோமீட்டர் என்றால், இரண்டாவது அலை 30 மைக்ரோவிநாடி பிந்தி வரும். பி25 தரத்தின் முதல் கட்டத்தில் (ஃபேஸ் 1) விநாடிக்கு 4,800 குறியீடுகள் (தகவலைச் சுமக்கும் துண்டுகள்), அதாவது ஒரு குறியீட்டுக்கு 208 மைக்ரோவிநாடி. அதில் ஏழில் ஒரு பங்கு அடுத்த குறியீட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. இரண்டாம் கட்டத்தில் விநாடிக்கு 6,000 குறியீடுகள் என்பதால் இடம் இன்னும் நெருக்கடி. பழைய வகை ஸ்கேனர்கள் அலையின் அதிர்வெண் ஏறி இறங்குவதை மட்டும் பார்த்தன, வீச்சை விட்டுவிட்டன. சைமல்காஸ்ட் டவர்கள் அனுப்பும் பண்பேற்றத்திலோ (தகவலை அலையில் ஏற்றும் முறை) வீச்சிலும் தகவல் இருக்கிறது. அதனால்தான் திரையில் ஐந்து கோடு சிக்னல் நின்றும் ஒலிபெருக்கியில் தகரம் உருள்கிற மாதிரிச் சத்தம் வரும். எஸ்டிஎஸ்100 வீச்சு, அலையின் கட்டம் (ஃபேஸ்) இரண்டையும் எடுத்துக் கணக்குப் போடுகிறது. அந்தக் கருவி பேர் வாங்கியதற்கு இதுவே காரணம், அந்தப் பேர் நியாயமானது.

ஆனாலும் அது மந்திரம் இல்லை. எஸ்டிஎஸ் திரையில் பிழை எண்ணை (டிஜிட்டல் தகவலைப் படிப்பதில் வரும் பிழைகள்) காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் கோடுகளைவிட உண்மை சொல்வது அந்த எண். 850 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 35 சென்டிமீட்டர்தான். மேசையில் கருவியை ஒரு சாண் நகர்த்தினாலே பிழை எண் படபடவென்று ஏறும், இன்னொரு சாண் நகர்த்தினால் பூஜ்யத்துக்கு வந்து நிற்கும். இடம் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் செலவழிப்பது வீண் இல்லை. கூரையில் யாகி (ஒரு திசையை மட்டும் நோக்கும்) ஆன்டெனா போடுகிறவர்கள் அதைப் பக்கத்து டவரை நோக்கியே திருப்ப வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஒரே ஒரு டவர் மட்டும் பலமாகவும் மற்றவை பலவீனமாகவும் விழுகிற திசைதான் வேண்டும். சில சமயம் அது தூரத்து டவராக இருக்கும். சைமல்காஸ்ட் பகுதியில் ஆன்டெனாவைச் சிறிதாக்கினால் கேட்பது தெளிவாவதும் உண்டு. 8.8 சென்டிமீட்டர் கம்பி ஒன்று 850 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம், அதை வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பெரியதற்குச் செலவழியுங்கள்.

அடுத்தது, பக்கத்துப் பலமான அலைகளைத் தடுக்கும் ஃபில்டர். எஸ்டிஎஸ் வகையில் நார்மல், இன்வெர்ட், ஆட்டோ, இவற்றின் அகலமான வகைகள், ஆஃப் என்று ஏழு நிலைகள் உண்டு. பொதுவாக ஒன்று வைக்கலாம், டவர் தொகுப்பு (சைட்) வாரியாகவும் வைக்கலாம். சரியான நிலையைக் கண்டுபிடிக்க வழி ஒன்றுதான்: அந்த சைட்டில் ஹோல்ட் போட்டுக் கன்ட்ரோல் சேனலில் நிறுத்தி, ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு நிமிடம் கொடுத்துப் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மாற்றும்போது ஆன்டெனாவைத் தொடக் கூடாது. நகருக்குள் சரியாக இருந்த நிலை 20 கிலோமீட்டர் தள்ளிப் போனால் தவறாகிவிடும், ஏனென்றால் பக்கத்தில் இருக்கும் பலமான அலைகள் மாறிவிடுகின்றன. எண்ணைப் பார்த்து நாம் கையால் செய்யும் இந்த வேலையைக் கருவியே செய்ய முடியும். எண் அதனிடம்தானே இருக்கிறது? முதல் கோரிக்கை இது: சைட்டுக்கு ஒரு சோதனைப் பொத்தான், ஏழு நிலையையும் ஓட்டிப் பார்த்து நல்லதைச் சேமித்துக்கொள்ளும் மென்பொருள்.

இரண்டாவது பெரிய விஷயம், பேச்சு நழுவிப் போவது. இன்றைய கைக்கருவி ஒரு நேரத்தில் ஒரு இடத்தை மட்டும் கேட்கிறது. ஒரு தீ விபத்து என்றால், வீரர்களை அனுப்பும் அழைப்பு 800 மெகாஹெர்ட்ஸ் பி25 டாக்குரூப்பில் வரும். சம்பவ இடத்தில் வீரர்கள் தங்களுக்குள் 154.280 மெகாஹெர்ட்ஸ் மாதிரி ஒரு அனலாக் சேனலில் ரேடியோவுக்கு ரேடியோ நேரடியாகப் பேசிக்கொள்வார்கள். ஸ்கேனர் ஒன்றில் நின்றால் மற்றது போச்சு. ஒரு பேச்சு முடிந்தபின் பதிலுக்காக இரண்டு விநாடி காத்திருக்கும் அமைப்பு வேறு. விமான விரும்பிகளுக்கும் இதே கதைதான். விஸ்கான்சினில் ஆஷ்காஷ் விமானத் திருவிழா நடக்கும் ஜூலைக் கடைசியில் இறங்க வருகிறவர்களை வழிநடத்தும் ஃபிஸ்க் அப்ரோச் 120.7, டவர் 118.5, இன்னொரு ஓடுபாதைக்கு 126.6 என்று மூன்றும் ஓயாமல் பேசும். ஒரே ரிசீவர் அங்கே என்ன செய்ய முடியும்? ஒன்றில் நிறுத்திவிட்டு உட்கார வேண்டியதுதான்.

கணினி வழியில் இது எப்போதோ தீர்ந்த பிரச்சினை. எஸ்டிஆர்ட்ரங்க் ஒரு டாங்கிள் பார்க்கும் அகலம் முழுவதையும் எடுத்து, அதற்குள் நடக்கும் எல்லாப் பேச்சையும் ஒரே நேரத்தில் பிரித்துப் பதிவு செய்கிறது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் நிலையாகத் தருவது 2.4 மெகாஹெர்ட்ஸ், 8 பிட். எனவே முதல் வேலை, உங்கள் அமைப்பின் அலைவரிசைகளை ஏறுவரிசையில் எழுதி 2.4 மெகாஹெர்ட்ஸ் துண்டுகளாகப் பிரிப்பது. 851 முதல் 869 வரை பரவிக் கிடந்தால் மொத்தமாக மூட எட்டு டாங்கிள் வேண்டும். ஆனால் பெரும்பாலும் அலைவரிசைகள் கொத்துக்கொத்தாக இருப்பதால் மூன்று, நான்கில் முடிந்துவிடும். 12 பிட், 10 மெகாஹெர்ட்ஸ் தரும் ஏர்ஸ்பை ஆர்2 என்றால் இரண்டு. சைமல்காஸ்ட் பகுதியில் இருந்தால் பி25 முதல் கட்ட டிகோடரில் பண்பேற்றத்தை எல்எஸ்எம் (சைமல்காஸ்டுக்கான வகை) என்று மாற்ற மறக்காதீர்கள். அதைச் செய்யாமல் டாங்கிளைக் குறை சொல்கிறவர்கள் நிறைய. மலிவு டாங்கிள் வாங்கினால் வெப்பத்தில் அலைவரிசை நகரும், 1 பிபிஎம் டிசிஎக்ஸ்ஓ (வெப்பத்திலும் அலைவரிசையை நிலையாக வைக்கும் பாகம்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஐந்து டாங்கிளை மின்சாரம் இல்லாத யுஎஸ்பி ஹப்பில் செருகினால் மாதிரிகள் சிந்திப்போகும், பேச்சு விட்டுவிட்டு வரும். தனி அடாப்டர் உள்ள ஹப் வேண்டும்.

ஆக, எதிர்பார்ப்பு தெளிவானது. 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே மூச்சில் எடுக்கும் ரிசீவர் குறைந்தது இரண்டு ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டும். காதுக்கு ஒரு பேச்சு போகட்டும், மற்றவை தேதி, நேரம், டாக்குரூப், ரேடியோ எண்ணோடு கார்டில் ஏறட்டும். கடைசிச் சில நிமிடங்களைத் திருப்பிக் கேட்கும் வசதி இப்போதே உண்டு. ஆனால் அது ஸ்கேனர் பிடித்ததை மட்டும்தான் திருப்பித் தரும். தவறவிட்டதைத் தராது. கேட்க ஆசைப்படுவது தவறவிட்டதைத்தான்.

புதியவர்கள் திணறும் இடம் மூன்றாவது: கருவி ஓடுகிறது, எதுவும் கேட்கவில்லை. எஸ்டிஎஸ் வகையில் தபால் குறியீட்டைக் கொடுத்தால் ரேடியோரெஃபரன்ஸ் தரவுத்தளத்திலிருந்து அந்தப் பகுதி தானே வந்துவிடும், நல்ல ஏற்பாடு. அதற்குப் பிறகும் மௌனம் என்றால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் சர்வீஸ் டைப்: தீயணைப்பு அழைப்பு, காவல் அழைப்பு என்று வகைவகையாக இருக்கும், தேவையானது அணைந்திருந்தால் அந்த டாக்குரூப் பட்டியலில் இருந்தும் ஒலிக்காது. அடுத்து குயிக் கீ, அதாவது பட்டியலை ஏற்றி அணைக்கும் எண் சாவி: அமைப்புக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, இரண்டும் எரிய வேண்டும். மூன்றாவது இருப்பிட எல்லை: ஜிபிஎஸ் பயன்பாட்டில் விட்டுவிட்டுத் தூரத்தைப் பூஜ்யமாக வைத்திருந்தால் சில அமைப்புகள் சத்தமில்லாமல் விலகிவிடும். கடைசியாக அவாய்ட் (இதைத் தவிர் என்பது): தவறிப்போய் அழுத்திய பொத்தான். இத்தனை சாவிகளில் எது பூட்டியிருக்கிறது என்று கருவிக்குத் தெரியும், திரை மட்டும் சொல்வதில்லை. "இந்த டாக்குரூப் இப்போது பேசுகிறது, சர்வீஸ் டைப் அணைந்திருப்பதால் ஒலிக்கவில்லை" என்று ஒரு வரி போட்டால் போதும், பாதிச் சந்தேகங்கள் எழாது. பட்டியலைத் திருத்த யூனிடன் தரும் சென்டினல் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவதும் மாற வேண்டும். கைப்பேசியிலிருந்தே பட்டியலைத் திருத்த முடிகிற வழி வரட்டும்.

மறைகுறியாக்கம் பற்றி நேராகச் சொல்லிவிடலாம். நியூயார்க் நகரக் காவல் துறை 2023இல் தன் பேச்சை மறைக்கத் தொடங்கியது. ஏஇஎஸ்-256 என்ற பலமான பூட்டுப் போட்ட பேச்சை எந்த ஸ்கேனரும் திறக்காது, அடுத்த தலைமுறையும் திறக்காது, அந்த நம்பிக்கையில் பணம் போடாதீர்கள். கருவி செய்யக்கூடியது, அதில் நேரம் வீணாக்காமல் இருப்பது. கன்ட்ரோல் சேனலின் ஒதுக்கீட்டுச் செய்தியிலேயே மறைக்கப்பட்டதா என்று ஒரு குறி உண்டு. பேச்சின் நடுவில் வரும் புதுப்பிப்புச் செய்தியில் அது இருக்காது. ஆனாலும் பி25 முதல் கட்டத்தில் குரலோடு 0.36 விநாடிக்கு ஒருமுறை அந்தத் தகவல் வந்துகொண்டே இருக்கும். அவ்வளவு நேரத்துக்குள் தெரிந்துகொண்டு நகர்ந்துவிட வேண்டும்.

டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன் என்ற வேறு இரண்டு டிஜிட்டல் முறைகளுக்கும் யூனிடனில் தனித்தனியே பணம் கட்டித் திறக்க வேண்டும். விஸ்லர் டிஆர்எக்ஸ்-1 அவற்றை விலைக்குள்ளேயே தருகிறது. 700 டாலருக்குப் பக்கத்தில் கொடுத்து வாங்கும் கருவியில் எல்லாம் உள்ளே இருப்பதே முறை. பழைய கருவி வாங்கினால் எந்தத் திறப்பு ஏற்கெனவே போட்டிருக்கிறது என்று மெனுவில் பார்த்துக்கொள்ளுங்கள். திறப்பு அந்தக் கருவியின் எண்ணோடு கட்டியது, கூடவே வந்துவிடும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. ஜிபிஎஸ் உள்ளேயே இருக்க வேண்டும், எஸ்டிஎஸ்100க்கு வெளியே கம்பியில் தொங்கவிட வேண்டியிருக்கிறது. யுஎஸ்பி-சி வேண்டும், சார்ஜ் ஏறும்போது இரைச்சல் கூடாமல் கவசமும் வேண்டும். மெமரி கார்டு கெட்டுப்போவது பெரும்பாலும் பேட்டரி தீர்ந்து கருவி சட்டென்று அணையும்போதுதான். வாங்கிய அன்றே கார்டின் முழு நகலைக் கணினியில் வைத்துவிடுங்கள், கார்டைக் கழற்றுமுன் அணைத்துவிடுங்கள்.

கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் 850 மெகாஹெர்ட்ஸில் சுமார் 7 டெசிபல் தின்றுவிடும். ஐந்தில் ஒரு பங்குதான் கீழே வந்து சேரும். அதே நீளத்துக்கு எல்எம்ஆர்-400 என்றால் 2 டெசிபல், டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 என்றால் 3 டெசிபல். ஆர்ஜி-6 75 ஓம் என்று பயப்பட வேண்டாம், பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபல்கூட இல்லை. விமான அலைவரிசையில் பாட்டுச் சத்தம் கலந்தால் 88 முதல் 108 வரை அடைக்கும் எஃப்எம் ஃபில்டர் ஒன்றைச் செருகுங்கள். இரண்டு ஆன்டெனாவை ஒப்பிட 162.400 முதல் 162.550 வரை உள்ள வானிலை ஒலிபரப்பு வசதியானது, 24 மணி நேரமும் ஓடுகிறது.

சட்டம் இரண்டு வரியில்: 824–849, 869–894 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலைவரிசைகள் 1994 முதல் அமெரிக்க ஸ்கேனர்களில் அடைக்கப்பட்டிருக்கின்றன, அது மாறப்போவதில்லை. நியூயார்க் மாதிரிச் சில மாநிலங்களில் காரில் ஸ்கேனர் வைப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு, பயணத்துக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதே வாங்க வேண்டும், சைமல்காஸ்ட் நகரத்தில் இருக்கிறீர்கள், கணினியோடு மல்லுக்கட்ட விருப்பம் இல்லை என்றால் எஸ்டிஎஸ்100. வீட்டில் ஒரே இடத்தில் ஓட்டப் போகிறீர்கள், நேரம் இருக்கிறது என்றால் டாங்கிளும் எஸ்டிஆர்ட்ரங்கும். விமானம், ரயில், அனலாக் தீயணைப்பு மட்டும் என்றால் பிசி125ஏடி தாராளம்: 500 சேனல், 10 வங்கி (சேனல் தொகுப்பு), இரண்டு ஏஏ பேட்டரி. பேட்டரி அறைக்குள் சாதா, ரீசார்ஜ் என்று ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கிறது. சாதா பேட்டரியைப் போட்டுவிட்டு அதை ரீசார்ஜ் பக்கம் விட்டு யுஎஸ்பி செருகினால் பேட்டரி கசிந்து தகடு பச்சை பூத்துவிடும். செருகுமுன் அந்த அறையை ஒருமுறை திறந்து பாருங்கள்.