பழைய மில்லிங் மெஷின் வாங்கப் போறீங்களா? முதலில் டேபிளை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்

வீட்டுப் பட்டறைக்கு, சுற்றும் கட்டரால் உலோகத்தைச் சீவுகிற பழைய மில்லிங் மெஷின் தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். மெஷின் என்றால் என்னவென்று தெரியாதவன் அல்ல நான். லேத்தில் கைப்பழக்கம் உண்டு, நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டுகிற டயல் கேஜும் சொந்தமாக வைத்திருக்கிறேன். மெஷின் பார்க்கப் போன அன்று அந்த கேஜ் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது!

முதலில் மேஜை மேல் வைக்கிற சின்ன மெஷின்தான் பார்த்தேன். உருண்டைத் தூண் வகை வேண்டாம் என்று சீக்கிரமே முடிவு செய்தேன். நீளமான டிரில்லை மாட்ட கட்டரைச் சுற்றுகிற ஹெட்டை ஏற்றினால் அது தூணைச் சுற்றித் திரும்பிவிடும், பிடித்துவைத்த சென்டர் போச்சு. ஹெட் திரும்பாதபடி பிடிக்கிற சாய்வு விளிம்புள்ள டவ்டெயில் தூண் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் வெட்டவேண்டிய துண்டை ஏற்றுகிற டேபிளே மேலும் கீழும் ஏறி இறங்குகிற, கிட்டத்தட்ட ஒரு டன் எடையுள்ள பழைய மெஷின் மேல்தான் ஆசை போனது. எடை இருந்தால் கட்டர் அதிராது. அந்த முடிவை இன்றும் தப்பென்று சொல்லமாட்டேன். தப்பு நான் பார்த்த விதத்தில்.

போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பளபளவென்று பச்சை பெயின்ட். சத்தமே இல்லை. டேபிள் வலது ஓரத்தில் நின்றது, அதன் மேல் துண்டைப் பிடிக்கிற வைஸ், வைஸில் பாதி வெட்டிய ஒரு கனமான துண்டு. "ஆர்டர் வேலை சார், நகர்த்தினா செட்டிங் போயிடும். இங்கயே ஹேண்டிலைக் கொஞ்சம் சுத்திப் பாருங்க" என்றார் விற்பவர். சுற்றிப் பார்த்தேன். ஹேண்டில் வெண்ணெய் மாதிரி ஓடியது, முன்னும் பின்னும் திருப்பினால் ஆட்டமே தெரியவில்லை. டேபிள் வழுக்கி ஓடுகிற ஸ்லைடில், மெஷின் செய்யும்போது போடுகிற சுரண்டல் தடம் பிறை பிறையாக வேறு. தேய்மானமே இல்லாத மெஷின் என்று மயங்கிவிட்டேன்.

வீட்டில் இறக்கி டேபிளை நடுவுக்குக் கொண்டுவந்ததும்தான் விஷயம் புரிந்தது. ஹேண்டிலைத் திருப்பினால் கிட்டத்தட்ட கால் சுற்று காலியாகச் சுற்றுகிறது. டேபிளை நகர்த்துகிற ஸ்க்ரூவின் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு நகர்கிற தூரம், 5 மி.மீ. அப்படியென்றால் டேபிள் 1 மி.மீ.க்கும் மேலே தன் இஷ்டத்துக்கு ஆடும். கட்டர் சுற்றுகிற திசையிலேயே டேபிள் கொஞ்சம் போனாலும் போதும், கட்டர் வேலைத்துண்டைக் கொத்தி இழுத்துக்கொள்கிறது. முதல் நாளே 10 மி.மீ. எண்ட் மில் கட்டர் ஒன்று உடைந்தது.

எனக்குத் தெரிந்த ஃபிட்டர் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். "ஏன் தம்பி, டேபிளை நடுவுல வெச்சுப் பாக்கலையா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. யார் வேலை செய்தாலும் டேபிள் பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் ஓடும், ஸ்க்ரூவும் ஸ்லைடும் அங்கேதான் தேயும். ஓரத்து மரை புதுசாகவே இருக்கும். விற்றவர் டேபிளை ஓரத்தில் நிறுத்தி, அந்த இடத்துக்கு ஏற்ப ஸ்க்ரூ ஓடுகிற நட்டை இறுக்கியிருக்கிறார். நான் நடுப்பகுதிக்கு ஏற்ப இறுக்கினால் ஓரத்தில் ஹேண்டில் சுற்றவே மறுக்கிறது. வைஸைக் கழற்றினால் அடியில் டேபிளில் டிரில் இறங்கிய குழிகள். சுரண்டல் தடமும் கண்ணில் படுகிற இடத்தில் மட்டும் புதிதாகப் போட்டது. உண்மையான தடம் என்றால் ஓரங்களில் தெளிவாகவும் நடுவில் மங்கியும் இருக்குமாம். மங்கியிருந்தால் தேய்மானம், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பளிச்சென்றிருந்தால் சந்தேகப்படு என்றார். சத்தமில்லாமல் ஓடியதன் ரகசியம் கியர்பாக்ஸில் இருந்தது: ஆயிலுக்குப் பதில் கிரீஸ்.

சோதிக்க ஐந்து நிமிஷம் கூட ஆகாது. டயல் கேஜை, டேபிளை அடியில் தாங்குகிற சேடில் மேல் நிறுத்தி, முள்ளை டேபிளில் தொடவையுங்கள். ஹேண்டிலை ஒரு பக்கம் சுற்றி, முள் நகர்ந்ததும் நிறுத்தி, ஹேண்டிலில் உள்ள அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் முள் அசையும் வரை திருப்புங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆட்டம். இதை இரண்டு ஓரத்திலும் நடுவிலும் செய்யுங்கள். மூன்று இடத்திலும் 0.2 மி.மீ. வந்தால்கூடப் பரவாயில்லை, நட்டைச் சரிசெய்து சமாளிக்கலாம். ஓரத்தில் ஒன்று, நடுவில் வேறொன்று வந்தால் ஸ்க்ரூவையே மாற்ற வேண்டியிருக்கும். கட்டரைச் சுற்றுகிற ஸ்பிண்டிலில், டிரில்லைப் பிடிக்கும் சக் மட்டும் மாட்டி வைத்திருந்தால் கழற்றச் சொல்லி, உள்ளே கூம்பாக இருக்கும் டேப்பர் துளைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். என்னுடையதில் கட்டரைப் பிடிக்கிற கோலெட் வழுக்கிச் சுற்றிய கீறல்கள் தடவும்போதே தட்டுப்பட்டன. மோட்டார் மூன்று ஃபேஸ் என்பதற்காக மட்டும் நல்ல மெஷினை விட்டுவிடாதீர்கள், வீட்டில் ஒரு ஃபேஸ்தான் என்றாலும் ஒரு ஃபேஸை மூன்று ஃபேஸாக்கித் தரும் பொருத்தமான வி.எஃப்.டி. வைத்து ஓட்டலாம். நீங்கள் போகும்போதே மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லி, ஆறிய பிறகு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.

விற்றவருக்கு போன் செய்தேன். "ஓடுற மெஷினைக் கையால சுத்திப் பாத்துத்தானே சார் எடுத்தீங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த அழைப்பை அவர் எடுக்கவில்லை.

போன வாரம் அதே ஆளின் இன்னொரு விளம்பரம் கண்ணில் பட்டது. இந்த முறை நீல பெயின்ட். நான்கு படத்திலும் டேபிள் வலது ஓரத்தில்தான் நிற்கிறது.