பகல் 11 மணிக்கு ஏறிய 2 ஜிபி

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், டப்போ நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில். அடுத்த வீடு மூன்று கிலோமீட்டர் தள்ளி. கம்பி வழி இணையம் இங்கே வராது. மொபைல் சிக்னலும் ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றால்தான் ஒரு கோடு காட்டும். அதனால் 2018இலிருந்து எங்களுக்கு இணையம் என்றால் கூரைமேல் இருக்கும் ஸ்கை மஸ்டர் என்ற செயற்கைக்கோள் இணைய டிஷ்தான். இத்தனை வருடம் பயன்படுத்தியதில் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரே ஒரு விஷயம்: யாரும் தொடாமல் கரைந்துகொண்டிருந்த டேட்டா.

முதலில் எங்கள் அப்போதைய பிளான். காலை 7 மணியிலிருந்து நள்ளிரவு தாண்டி 1 மணி வரை 60 ஜிபி. அதிகாலை 1 முதல் 7 வரை தனியாக 90 ஜிபி. டவுன்லோட், அப்லோட் இரண்டும் கணக்கில் சேரும். பகல் பங்கு தீர்ந்துவிட்டால் வேகம் 256 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் வங்கிப் பக்கம்கூடத் திறக்காது.

2019 ஆகஸ்ட் கடைசியில் அம்மா மதுரையிலிருந்து மூன்று மாதம் தங்க வந்தார். செப்டம்பரில் 18ஆம் தேதியே பகல் பங்கு காலி. அதற்கு முன் ஒரு மாதமும் இப்படி ஆனதில்லை. வீட்டில் புதிதாக வந்தவர் அம்மா. அவர் கையில் சீரியல் ஓடும் டேப்லெட். கூட்டிக் கழித்துப் பார்த்து, "அம்மா, பகல்ல கொஞ்சம் கம்மியா பாருங்களேன்" என்று சொல்லிவிட்டேன். "நான் ஒரு நாடகந்தான்டா பாக்குறேன்" என்றார். மறுநாளிலிருந்து அதையும் நிறுத்திவிட்டார். டேட்டா போவது மட்டும் நிற்கவில்லை.

சந்தேகம் அடுத்து இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் மீட்டர்மேல் போனது. போன் செய்தால், "உங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது" என்று ஒரே பதில். நானும் விடாமல் வாதாடினேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை இரவு ரவுட்டர் வயரைப் பிடுங்கி, மோடத்தை மட்டும் ஓடவிட்டு, ஞாயிறு மாலை வரை அப்படியே வைத்தோம். திங்கட்கிழமை கணக்கைப் பார்த்தால் அந்த நேரத்துக்குப் பூஜ்யம். மீட்டர் சரிதான், தண்ணீர் ஒழுகுவது நம் வீட்டுக் குழாயில்தான் என்பது அன்று உறுதியானது. மாதத்தின் முதல் வாரத்திலேயே இதைச் செய்திருந்தால் அத்தனை போன் அழைப்புகள் தேவையே இல்லை.

அடுத்து வைஃபை கடவுச்சொல்லை மாற்றினேன். மூன்று கிலோமீட்டர் தாண்டி யார் வந்து திருடப் போகிறார்கள் என்று தெரிந்தும் மாற்றினேன். ஒரு நாள் முழுக்க எந்தப் போனுக்கும் புதுக் கடவுச்சொல்லைக் கொடுக்கவில்லை. அன்றும் 2 ஜிபி போனது! அன்றைக்கு உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

நிறுவனத்தின் இணையப் பக்கம் நாள் கணக்கை மட்டும்தான் காட்டும், அதுவும் தாமதமாக. ஆனால் ரவுட்டரின் சொந்தப் பக்கத்தில் இரண்டு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும்: கடைசியாக ஆன் செய்ததிலிருந்து எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது. பல ரவுட்டர்களில் இது உண்டு. நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவோம், பிள்ளைகள் பள்ளிக்கு. பகலில் அதைப் பார்த்து எழுத வீட்டில் இருந்தவர் அம்மா மட்டும்தான். கேட்கவே கூச்சமாக இருந்தது, கேட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், மணிக்கு ஒரு தடவை இரண்டு எண்களையும் எழுதி வைத்தார்.

மூன்றாம் நாள் தாள்களை விரித்து வைத்துப் பார்த்தோம். உள்ளே வந்தது மிகச் சொற்பம். வெளியே போன எண் மட்டும் 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில் 2 ஜிபி தாவியிருந்தது. மூன்று நாளும் அதே மாதிரி.

அந்த ஒரு பார்வையிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. வீடியோ பார்த்தால் டேட்டா உள்ளே வரும், வெளியே போவது மிகக் குறைவு. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரப் படத்துக்கு 0.7 ஜிபி வரை, எச்டி என்றால் 3 ஜிபி வரை என்பது நெட்ஃப்ளிக்ஸ் சொல்லும் கணக்கு, கிட்டத்தட்ட எல்லாமே டவுன்லோட். அம்மாவின் நாடகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏதோ ஒரு கருவி எதையோ மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் அப்லோட் வேகம் உச்சத்தில் 5 எம்பிபிஎஸ். அதில் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 2.25 ஜிபி. கணக்கும் ஒத்துவந்தது. டேட்டா பிரச்சினை உள்ள எவரும் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் திசையைத்தான் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

எந்தக் கருவி என்பதைக் கண்டுபிடித்தவரும் அம்மாதான். அக்டோபர் 6, ஞாயிறு அன்று இங்கே கோடைக் கால நேரம் தொடங்கி கடிகாரம் ஒரு மணி முன்னே போனது. திங்கட்கிழமை நான் வீடு திரும்பியதும், "இம்புட்டு நாளா பதினொன்னுக்கு ஏறுனது, இன்னைக்குப் பன்னெண்டுக்கு ஏறுதுடா" என்றார்.

எங்கள் போன்களும் டிவியும் உள்ளூர் நேரத்தைப் பின்பற்றுபவை. அவற்றில் 11 மணிக்கு ஏதாவது வேலை வைத்திருந்தால், கடிகாரம் மாறினாலும் 11 மணிக்கேதான் நடக்கும். ஒரு மணி தள்ளிப் போகிறது என்றால் அது வேறு கடிகாரத்தைப் பார்த்து ஓடுகிறது. குளிர்காலத்தில் எங்கள் 11 மணி என்பது யூடிசி என்ற உலகப் பொது நேரப்படி அதிகாலை 1 மணி. கோடை நேரத்தில் அதே 1 மணி எங்களுக்குப் பகல் 12.

அதிகாலை 1 மணி! மலிவு நேரம் தொடங்கும் மணி. அந்த மணிக்கு ஒரு வேலையை வைத்தது நான்தான் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. அலமாரிக்குப் பின்னால், கேபிள் வழியாக ரவுட்டரில் செருகிய படச் சேமிப்புப் பெட்டி. குடும்பப் படங்களை இரவில் கிளவுடுக்குப் பேக்கப் எடுக்கும். ஆகஸ்டில் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அதன் நேர மண்டலம் யூடிசிக்குத் திரும்பியிருந்தது. கேபிளில் இருப்பதால் வைஃபை கடவுச்சொல் மாற்றியது அதைத் தொடவே இல்லை.

அப்படியானால் தினமும் 2 ஜிபிக்குப் புதுப் படம் ஏது? படங்களின் பட்டியலை அந்தப் பெட்டி ஒரே பெரிய கோப்பாக வைத்திருந்தது. ஒரு படம் சேர்ந்தாலும் கோப்பு மாறும். மாறினால் முழுக் கோப்பும் மறுபடி மேலே ஏறும். அதற்கு முன்பும் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதிகாலை 90 ஜிபியில் போனதால் எங்களுக்குத் தெரியவில்லை. நேர மண்டலத்தைச் சரிசெய்தேன், அந்தக் கோப்பைப் பேக்கப்பிலிருந்து விலக்கினேன். பகலில் அந்தத் தாவல் மறுநாளே நின்றது.

அதற்குப் பிறகு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரவுட்டருக்கு மாறினோம். அதில் என்எல்பிடபிள்யூமான் என்ற சிறு நிரலைச் சேர்த்தால் எந்தக் கருவி எவ்வளவு எடுத்தது என்று தனித்தனியாகக் காட்டும். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இப்போதைய போன்கள் கருவியை அடையாளம் காட்டும் தங்கள் மேக் முகவரியை மறைத்து வேறு முகவரி காட்டும். நம் வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைக்காவிட்டால் ஒரே போன் இரண்டு மூன்று ஆட்களாகத் தெரியலாம். ரவுட்டரில் டேட்டாவைக் குறுக்கு வழியில் வேகமாகக் கடத்தும் ஃப்ளோ ஆஃப்லோடிங் வசதி இயங்கினால் கணக்கு குறைவாக வரும். அதையும் அணைத்துவிட வேண்டும்.

இன்னொன்று: 2019இல் ஸ்கை மஸ்டர் பிளஸ் என்ற புது பிளான் வந்தபோது சாதாரண இணையப் பக்கங்களுக்கும் மின்னஞ்சலுக்கும் டேட்டா கணக்கில்லை என்றார்கள். ஆனால் டேட்டாவைப் பூட்டி அனுப்பும் விபிஎன் வழியாகப் போனால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால் அத்தனையும் அப்போது கணக்கில் ஏறியது. மனைவியின் அலுவலக லேப்டாப்பில் விபிஎன் எப்போதும் ஆனில் இருப்பதால், மாறுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டியிருந்தது.

மற்றபடி டிஷ்மேல் எனக்குப் பெரிய குறை இல்லை. 36,000 கிலோமீட்டர் மேலே போய் இறங்கி, பதிலும் அதே வழியில் வர வேண்டும் என்பதால் ஒவ்வொரு சொடுக்குக்கும் அரை நொடிக்கு மேல் தாமதம் இருக்கும். வீடியோ அழைப்பில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கப் பழகிவிட்டோம். கனமழையில் சில நிமிடம் துண்டிக்கும்.

அம்மாவிடம் அன்றிரவே மன்னிப்புக் கேட்டேன். நவம்பர் கடைசியில் ஊருக்குக் கிளம்பும்வரை விட்டுப்போன பகுதிகளையெல்லாம் பார்த்து முடித்தார். காலண்டர் தாள்களை ரவுட்டர் அலமாரியின் உள்கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்; அக்டோபர் 7 தாளில் 12 என்ற எண்ணைச் சுற்றி அவர் போட்ட வட்டம் இன்னும் மங்கவில்லை.