ஆட்டுத் தோல் கெடாம வெக்க சாப்பாட்டு உப்பு வேணாம்: ஃபிரீசரா, பாஜாவா (உரமா)?
போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆட்டுக்கறிக் கடை அண்ணன் ஒரே நாள்ல ஆறு தோல் தூக்கிக் குடுத்துட்டாரு. தோலைப் பதனிட பக்காவ் (அலையாத்தி மரம்) பட்டைச் சாறுல ஊறப்போட என்கிட்ட இருக்கறது ரெண்டே தொட்டி, மிச்ச நாலும் காத்திருக்கணும், எங்க மலேசியா நிபோங் தெபால் வெக்கையில காலையில உரிச்ச தோல் சாயங்காலத்துக்குள்ள வாடை அடிச்சிடும், அப்புறம் இழுத்தா முடி கையோட வரும்.

உப்பு போட்டா தோல் நிக்கும், யாருக்குத் தெரியாது. தோல் எடையில பாதிக்குப் பக்கம் உப்பு போகும், கழுவினா அத்தனையும் தண்ணிலதான். முந்தி அப்படி ஊத்தி அம்மாவோட கறிவேப்பிலை இலையெல்லாம் ஓரம் கருகிடுச்சு, ரெண்டு வாரம் என்கூடச் சரியாப் பேசல. வேலூர்ப் பக்கம் பாலாறு கெட்டதுலயும் இந்தத் தோல் உப்புக்குப் பங்கு உண்டு, அந்த கேஸ்ல 1996ல இந்திய சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே வந்துச்சு.

வெயில்ல காய வெக்கறது நம்ம ஈரக் காத்துக்கு ஆகாது, மேல காஞ்சிருக்கும், உள்ள அழுகும்.

ரெண்டு தோலைக் கொழுப்பு சுரண்டி, சுருட்டி, பிளாஸ்டிக்ல இறுக்கிக் கட்டி ஃபிரீசர்ல வெச்சேன். சுத்தமான வழி, கழிவே இல்ல. ஆனா ஐஸ்கிரீம் பக்கத்துல ஆட்டுத் தோலான்னு வீட்டுக்காரி கேட்டா என்ன சொல்ல?

மத்த ரெண்டுக்கு எம்.ஓ.பி. பாஜா, அதான் செம்பனைக்குப் போடற பொட்டாசியம் குளோரைடு. இதுவும் ஒரு உப்புதான் லா, சாப்பாட்டு உப்பு இல்ல அவ்வளவுதான். தோல்ல இருக்கற தண்ணிய இழுத்து கிருமிய அடக்கற வேலை ரெண்டுக்கும் ஒண்ணுதான், குளிர்ல இது சரியாக் கரையாது, நம்ம ஊர்ல அந்தப் பிரச்சனை இல்ல. சதைப் பக்கம் அள்ளித் தேச்சு சாய்ச்ச பலகையில போட்டேன், மறுநாள் காலையில கீழ பேசின்ல ரோஸ் கலர்ல தண்ணி, தோல் விறைப்பா, வாடையே இல்ல.

நான் பாஜா பக்கம் சாஞ்சதே கழுவின தண்ணிக்காகத்தான். சோடியம் மண்ணை இறுக வெச்சிடும், பொட்டாசியம் வாழைக்கும் செம்பனைக்கும் தீனி. அதுக்காக அப்படியே ஊத்திடாதீங்க, குளோரைடு இதுலயும் இருக்கு, நான் பத்து மடங்கு தண்ணி கலந்து வாழை வாழையா மாத்தி மாத்தித்தான் ஊத்தறேன், இதுவரைக்கும் ஒண்ணும் கருகல. வருஷம் பூரா தோல் போடறவங்களுக்கு அவ்வளவு வாழைக்கு எங்க போறது, அது வேற கணக்கு.

சிவப்பு பாஜா வாங்காதீங்க. அந்தச் சிவப்பு இரும்பு, பட்டைச் சாறுல பட்டா கருநீலக் கறை, எனக்கு ஒரு தோல் அப்படிப் போச்சு. வெள்ளைக்கு விலை கூட.

ஒரு மாசத்துக்கு மேல நான் பாஜாவுல வெச்சுப் பாத்ததில்ல, மாட்டுத் தோல் தொட்டதே இல்ல. ஃபிரீசர்ல இருக்கற ரெண்டுக்கும் தீபாவளி வரைக்கும்தான் டைம், வீட்டுக்காரி சொல்லிட்டா.