450 ஜிபி-யை ரயிலில் அனுப்பியவன் எழுதும் விமர்சனம்

ஒரு கல்யாணத்துக்கு எத்தனை ஜிபி ஆகும் என்று கேட்டால் எங்கள் கல்யாண வீடியோக் குழுவில் யாரும் யோசிக்காமல் சொல்வார்கள்: 450. 4கே, 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) என்று வைத்து எடுத்தால் ஒரு மணி நேரக் காட்சி 90 ஜிபி. நலங்கு, முகூர்த்தம், இரவு விருந்து எல்லாவற்றிலும் மூன்று கேமராவையும் கூட்டினால் ஐந்து மணி நேரம் வந்துவிடும். நாங்கள் மூன்று பேர். நான் கோலாலம்பூர் செந்தூலில், இன்னொரு கேமராக்காரர் பக்கத்துக் கிள்ளானில், எடிட்டிங் பார்க்கும் தம்பி வடக்கே பட்டர்வொர்த்தில். தைப்பூசம் வந்தால் மூன்று பேரும் பத்துமலையில், மற்ற நாளெல்லாம் வாட்சப்பில்.

இப்படிப் பிரிந்து கிடப்பவர்களுக்கு கிளவுட், அதாவது இணையச் சேமிப்புதான் வழி என்று எல்லாரும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். இப்போது ஒன்றரை வருஷமாகப் பயன்படுத்துவது இரண்டு பொருள்: சாம்சங் டி7 ஷீல்டு என்ற 2 டிபி கையடக்க எஸ்எஸ்டி டிரைவ், அப்புறம் கூகுள் டிரைவின் கணினிச் செயலி. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு மற்றதன் வேலையையும் அதன் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்று நாங்கள் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலில் வேறொரு கிளவுட் சேவையில் இருந்தோம். பெயர் வேண்டாம், தப்பில் பாதி எங்களுடையது. 2 டிபி சந்தா கட்டியாச்சு, இனி என்ன என்று ஒரு கல்யாணத்தின் 450 ஜிபி-யையும் அந்தக் கோப்புறைக்குள் இழுத்துப் போட்டேன். என் லேப்டாப் 512 ஜிபி. கிளவுட் கோப்புறையில் போட்டால் அது நேராக மேலே போய்விடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, முதலில் உள் டிஸ்க்கில் ஒரு பிரதி விழும், அதிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். இருபது நிமிடத்தில் ‘டிஸ்க்கில் இடமில்லை’ என்று வந்து, எடிட்டிங் செயலி உட்பட எல்லாமே முடங்கி நின்றது. இரவு மணி பதினொன்று, மறுநாள் காலை எட்டுக்குக் காப்பாரில் இன்னொரு கல்யாணம்.

சரி, கோப்புறையையே வெளி டிரைவுக்கு மாற்றிவிடலாம் என்று பார்த்தால் மேக்கில் அது அவ்வளவு சுலபமில்லை. 2022 மார்ச்சில் வந்த மேக்ஓஎஸ் 12.3-இல், இந்தச் சேவைகள் அதுவரை நம்பியிருந்த பழைய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வழியை ஆப்பிள் எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக ‘ஃபைல் புரொவைடர்’ என்ற முறை. அதில் கிளவுட் கோப்புறை உங்கள் பயனர் ‘லைப்ரரி’க்குள், ‘கிளவுட் ஸ்டோரேஜ்’ என்ற இடத்தில் வழக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், அதாவது உள் டிஸ்க்கில். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் எல்லாமே இந்தப் பக்கம் வந்தவைதான். இது தெரியாமல் 512 ஜிபி மேக்புக் வாங்கிவிட்டு ‘கிளவுட்தான் இருக்கே’ என்று தைரியமாக இருக்கும் நண்பர்கள் எனக்கு நிறைய.

கூகுள் டிரைவுக்கு மாறியதற்கு ஒரே காரணம் அதன் இரண்டு வழிகள். ‘ஸ்ட்ரீம்’ என்று வைத்தால் கோப்புகள் மேலேயே இருக்கும், திறக்கும்போது மட்டும் இறங்கும். ‘மிரர்’ என்று வைத்தால் முழுப் பிரதியும் கணினியில் இருக்கும், அந்தக் கோப்புறையை எங்கே வைப்பது என்று நாமே சொல்லலாம், வெளி டிரைவிலும் வைக்கலாம். நான் மிரர் வைத்து, இடத்தை டி7-க்கு மாற்றினேன். லேப்டாப்பின் உள் டிஸ்க் மூச்சுவிட ஆரம்பித்தது.

இப்போது எல்லாரும் பயப்படும் வரம்புக்கு வருகிறேன். கூகுள் டிரைவில் ஒரு நாளைக்கு ஓர் ஆள் 750 ஜிபி-க்கு மேல் ஏற்ற முடியாது. இதைப் படித்ததும் கிள்ளான்காரர் ‘ஐயோ, இது நமக்குப் போதாதே’ என்றார். நான் கால்குலேட்டரை எடுத்தேன். என் வீட்டு இணையம் இறக்க 300 எம்பிபிஎஸ், ஏற்ற 50. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது முதல் எண். நம் தொழிலுக்கு வேண்டியது இரண்டாவது எண். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், 50 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 6.25 எம்பி (மெகாபைட்). இருபத்து நாலு மணி நேரம் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினாலும் 540 ஜிபி. கூகுள் போட்ட வேலியை எட்டித் தொடக்கூட நம் லைனுக்குத் தெம்பில்லை! ஒரு கல்யாணம் ஏற 20 மணி நேரம், அதுவும் நாலு மணி இடி மழைக்கு ரூட்டரைப் பிடுங்காமல் இருந்தால். கோலாலம்பூரில் சாயங்கால இடிக்குப் பிடுங்காதவன் எவன்?

அதனால்தான் ரயில். கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் மின்சார ரயிலில் சுமார் நாலரை மணி நேரம். டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நானே ஏறினேன். 450 ஜிபி-யை நாலரை மணி நேரத்தால் வகுத்தால் 220 எம்பிபிஎஸ்-க்குக் கொஞ்சம் மேல் வருகிறது, என் வீட்டு லைனைவிட நாலு மடங்கு வேகம். ஸ்டேஷனுக்கு வந்து டிரைவை வாங்கிக்கொண்ட தம்பி, ‘அண்ணே, இந்த இணையத்துக்குத் தே தாரிக்கும் உண்டு’ என்று தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போனான்.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ரயிலேற முடியுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. இப்போது அன்றிரவே என் கணினியில் எல்லாக் காட்சிக்கும் பிராக்ஸி, அதாவது அதே காட்சியின் சின்னப் பிரதி, 720பி-யில் 5 எம்பிபிஎஸ் அளவுக்கு ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன். 450 ஜிபி சுமார் 11 ஜிபி ஆகிவிடும். அரை மணி நேரத்தில் கூகுள் டிரைவில் ஏறிவிடுகிறது. தம்பி மறுநாள் மத்தியானமே வெட்ட ஆரம்பிக்கிறான், மூல டிரைவ் அந்த வாரத்துக்குள் யாராவது வடக்கே போகிறவர் கையில் போய்ச் சேரும், பிரீமியர் என்ற எடிட்டிங் செயலியில் மூலத்தோடு இணைத்தால் வேலை முடிந்தது. ஒரே ஓர் எச்சரிக்கை: கேமராக் கோப்பில் நாலு ஆடியோ தடம் இருந்து பிராக்ஸியில் இரண்டே இருந்தால் பிரீமியர் மூலத்தையும் பிராக்ஸியையும் சேர்க்காது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

மற்ற சேவைகளுக்கும் அவரவர் வேலி உண்டு. ஐகிளவுட் டிரைவில் ஒரு கோப்பு 50 ஜிபி-க்கு மேல் ஏறாது. ஒரு மணி நேர விருந்தை ஒரே கோப்பாக எடுத்திருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஒன்டிரைவில் ஒரு கோப்புக்கு 250 ஜிபி, கூகுளில் 5 டிபி. கடைசி இரண்டு அளவும் நமக்குப் போதும். அங்கே தடுக்கி விழ வைப்பது அளவு இல்லை, எண்ணிக்கைதான். மூன்று லட்சம் கோப்புக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று ஒன்டிரைவ் சொல்கிறது, டிராப்பாக்ஸும் அதே எண்ணையொட்டித்தான் வேகம் குறையும் என்கிறது. நமக்கு ஏது மூன்று லட்சம் என்று நினைக்காதீர்கள். பிரீமியர் தனக்காக எழுதிக்கொள்ளும் தற்காலிகக் கோப்புகள் (மீடியா கேஷ்), புகைப்படச் செயலியான லைட்ரூமின் முன்னோட்டங்கள், இவற்றைச் சிங்க் ஆகும் (கிளவுடோடு தானாக ஒத்துப்போகும்) கோப்புறைக்குள் விட்டுவைத்தால் நுணுக்கு நுணுக்காக ஆயிரக்கணக்கில் பெருகும், அந்தக் குப்பை ஏறி முடியும்வரை உங்கள் பிராக்ஸி வரிசையில் நிற்கும். கேஷை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், இன்றைக்கே.

தமிழில் கோப்புறைக்குப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். ஒன்டிரைவில் முழுப் பாதைக்கு 400 குறிகள்தான் வரம்பு. ‘முகூர்த்தம்’ என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து; கணினிக்குப் பதினொன்று, ஏனென்றால் புள்ளியும் உ, ஊ அடையாளமும் தனித்தனிக் குறி. கோப்புறைக்குள் கோப்புறை என்று மணமக்கள் பெயர், மண்டபத்தின் பெயர், தேதி எல்லாம் எழுதும் பழக்கம் எனக்கு இருந்தது. இப்போது தேதி, ஊர், அவ்வளவுதான்.

இனி டிரைவ். டி7 ஷீல்டைக் கோலாலம்பூரின் கணினிச் சந்தையான லோயாட் பிளாசாவில் வாங்கினேன், எழுநூறு வெள்ளிக்குக் (ரிங்கிட்) கொஞ்சம் மேல் ஆனது. இணையத்தில் இன்னும் மலிவாகக் கிடைக்கும், தெரியும். ஆனால் லோயாட்டில் தவுக்கே (கடைக்காரர்) முன்னாலேயே பெட்டியைப் பிரித்து, லேப்டாப்பில் செருகி, வேகம் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம். கிள்ளான்காரர் ஒருமுறை இணையச் சந்தையில் 80 வெள்ளிக்கு ‘16 டிபி எஸ்எஸ்டி’ வாங்கினார். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு பசை போட்டு ஒட்டியிருந்தது. 16 டிபி இருப்பதாகக் கணினிக்குப் பொய் சொல்லும், நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும். நல்லவேளை, கல்யாணம் எதுவும் அதில் இல்லை. அவருடைய மகனின் பிறந்தநாள் மட்டும்.

டி7 ஷீல்டு கையில் பிடிக்க ரப்பர் போல, வரி வரியாக, 98 கிராம். தூசி, தண்ணீர்த் தெறிப்புக்கு ஐபி65 என்று போட்டிருக்கிறார்கள், மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்கிறார்கள். மூன்று மீட்டர் நான் சோதிக்கவில்லை. மண்டப மேடையிலிருந்து ஒருமுறை தானாகவே சோதித்துக்கொண்டது, ஒன்றும் ஆகவில்லை. படிக்கும் வேகம் நொடிக்கு 1050 எம்பி என்பது பெட்டியில் உள்ள எண், 300 ஜிபி-யை ஒரே மூச்சில் தள்ளியபோதும் நடுவில் படுத்துக்கொள்ளவில்லை. பழைய சுழலும் டிரைவில் இதே வேலைக்கு நாங்கள் பசியாறப் போய் வந்தாலும் பாதிகூட முடிந்திருக்காது.

குறை சொல்ல வேண்டுமென்றால் பெட்டியில் வரும் கேபிள் குட்டை, மேசைக் கணினிக்குப் பின்னால் செருகினால் டிரைவ் அந்தரத்தில் தொங்கும். அதனால் தம்பி ஒருநாள் கைக்குக் கிடைத்த போன் சார்ஜர் கேபிளைப் போட்டுவிட்டு ‘அண்ணே, டிரைவ் போச்சு, நொடிக்கு 40 எம்பிதான் வருது’ என்று பதறினான். டிரைவ் நன்றாகத்தான் இருந்தது. சார்ஜர் கேபிளில் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 கம்பிதான் இருக்கும், முனை ஒன்றுபோல இருப்பதால் வெளியே தெரியாது. 450 ஜிபி-க்கு அதில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இப்போது ஒவ்வொரு டிரைவின் கேபிளிலும் மஞ்சள் டேப் சுற்றி வைத்திருக்கிறோம்.

எக்ஸ்ஃபேட் என்ற டிரைவ் ஃபார்மட் பற்றி ஒரு வார்த்தை. நான் மேக், தம்பி விண்டோஸ், அதனால் இரண்டும் படிக்கிற எக்ஸ்ஃபேட்டில்தான் ரயிலேறும் டிரைவை வைத்தாக வேண்டும். ஆனால் அதில் ஜர்னல், அதாவது செய்வதைக் குறித்து வைக்கும் பதிவேடு இல்லை; எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் எங்கே விட்டோம் என்று அதற்கு நினைவிருக்காது. அவசரத்தில் ‘எஜெக்ட்’ செய்யாமல் பிடுங்கினேன். மறுபடி செருகினால் டிரைவ் வரவே இல்லை, கால் மணி நேரம் மேக் உள்ளுக்குள் அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது, அதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஒருவழியாக வந்தபோது பெயர் ‘ஷூட்’ இல்லை, ‘ஷூட் 1’. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் பிரீமியருக்கு அது வேறு டிரைவ், டைம்லைன் முழுக்கச் சிவப்பு. சிங்க் செயலியும் கோப்புறையைக் காணோம் என்று நின்றுவிட்டது. கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டதும் பழைய பெயர் திரும்பி வந்தது. விண்டோஸில் இதே தலைவலி வேறு ரூபத்தில் வரும், இ என்ற எழுத்தில் இருந்த டிரைவ் எஃப் ஆகிவிடும். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் எழுத்தை நிரந்தரமாக்கி வையுங்கள். இன்னொன்று, எக்ஸ்ஃபேட்டில் மேக் ஒவ்வொரு கோப்புக்கும் புள்ளியும் கீழ்க்கோடும் முன்னால் போட்ட ஒரு குட்டி நிழல் கோப்பு எழுதும். தம்பி அவற்றையும் சேர்த்து இம்போர்ட் செய்துவிட்டு ‘பாதி கிளிப் கெட்டுப்போச்சு’ என்பான். கெட்டுப்போகவில்லை லா, அழித்துவிடு என்பேன்.

அழிப்பது என்றதும் கடைசிக் கதை. பழைய சேவையில் இருந்தபோது கிள்ளான்காரர் தன் லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று ஒரு முகூர்த்தக் கோப்புறையை அழித்தார். தன் பிரதி மட்டும் போகும் என்று நினைத்தார். சிங்க் அப்படி வேலை செய்யாது. அவருடையது போனால் என்னுடையதும் போகும், தம்பியுடையதும் போகும். நாலு நாள் கழித்துக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்தோம். கூகுள் டிரைவிலும் குப்பைத்தொட்டி 30 நாள்தான், அப்புறம் தானாகக் காலியாகிவிடும். ஆறு மாதம் கழித்து ஆல்பம் வீடியோ கேட்டு வரும் மாப்பிள்ளையிடம் 30 நாள் கணக்கு சொல்ல முடியுமா?

அதனால் டி7 வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது 4 டிபி ஒன்று வேண்டாம், 2 டிபி இரண்டு. கார்டிலிருந்து இரண்டிலும் ஏற்றுவோம், இரண்டும் ஏறினதை எண்ணிப் பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்வோம். ஒன்று வடக்கே ரயிலேறும், எக்ஸ்ஃபேட். இன்னொன்று என் வீட்டு டிரை பாக்ஸில் லென்சுகளோடு இருக்கும், அது மேக்கை விட்டு எங்கும் போகாததால் மேக்கின் சொந்த ஃபார்மட்டான ஏபிஎஃப்எஸ். தம்பி ‘எல்லாம் இறங்கிடுச்சு, அவுட்புட்டும் கொடுத்தாச்சு’ என்று அனுப்பும்வரை இரண்டாவதைத் தொடுவதில்லை.